அருவியில் கழற்றாத வாட்ச்

ஏலே பொடியா,

இன்றைக்குக் காலையில் பீரோவைத் திறந்ததும் குற்றாலத்து எண்ணெய் வாசம் அடித்தது. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. காயாத துணியின் வாசமும் அந்த எண்ணெய் வாசமும் சேர்ந்து, அருவிக்கரையில் நிற்பது போல இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், கீழ்த்தட்டில் உன் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த வாட்ச்சிலிருந்து. செயின் கண்ணிகளுக்கு இடையில் எத்தனை வருசத்து எண்ணெய் இறங்கிக் கிடக்கிறதோ. சோப்புப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

கையில் எடுத்தேன். நின்று கிடந்த முள் ஓட ஆரம்பித்தது. கட்டினால் ஓடும், கழற்றி வைத்தால் நின்றுவிடும் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்கிறது. என்னை எரிச்சல்படுத்துவதை நீயும் விடவில்லை, உன் வாட்ச்சும் விடவில்லை.

ஆவணியில் அபிக்குக் கல்யாணம். தையில் வைத்திருந்ததை உன்னால்தான் தள்ளி வைத்தோம். என் மகளுக்குத் தாய்மாமன் என்று இருந்தது நீ ஒருத்தன். சபையில் எழுந்து நின்று நீ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாய். அது என் தலையில் விழுந்து கிடந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான், இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், அதனால் வருகிறது.

துபாயில் பெரிய வாட்ச் கடை ஒன்றில் வாசலில் நிற்கிற வேலை என்று போனாய். முதல் லீவில் வரும்போது மற்றவர்கள் சோப்பு, தைலம், போர்வை என்று கொண்டு வருவார்கள். நீ வழவழவென்று இருக்கிற வாட்ச் படப் புத்தகங்களைக் கொண்டு வந்தாய். நான் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து புத்தகத்தை விரிக்கிறாய்.

“யக்கா, இதுல எது ஐகானிக்னு சொல்லு பாப்போம்.”

“அப்படின்னா என்னலே?”

“ஐகானிக்னா... ஐகானிக்தான்.”

“எல்லாம் மணி காட்டுமா?”

“எல்லாம் காட்டும்.”

“பொறவு என்ன? புஸ்தகத்த எடு, செதில் தெறிக்கும்.”

அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழில் என்ன என்று கடைசி வரை உனக்குச் சொல்ல வரவில்லை. வரவில்லையே என்று விட்டாயா? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு விளக்கம் கொண்டு வந்தாய். நானா கேட்டேன்?

ஒரு தடவை செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். நீ ஜன்னல் பக்கம் கையை நீட்டினாய்.

“அங்கன என்ன தெரியுது?”

“கோபுரம்.”

“எந்த ஊர் கோபுரம்?”

“ஏலே, ஒனக்கு வெயில் தலைக்கு ஏறிட்டா? தென்காசிக் கோபுரம்.”

“பேர் எழுதிப் போட்டிருக்கா? இல்லல்லா. நிழல் மாதிரிதான் தெரியுது. அப்படியும் ஒனக்குத் தெரியுதுல்லா. பெரிய வாட்ச்னா அப்படி இருக்கணும். கம்பெனி பேர வெரலால மறைச்சிட்டுப் பாக்கணும். அப்பவும் இன்ன வாட்ச்னு தெரிஞ்சா, அதுதான் ஐகானிக்.”

“நம்ம மேலகரம் டீக்கடை அண்ணாச்சி வயிறும்தான் தெரு முக்குல வரும்போதே தெரியுது. அவரும் ஐகானிக்கா?”

முன் சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார். உனக்குக் கோபம் வந்தாலாவது பேச்சு நின்றிருக்கும். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவரும்தான்” என்றாய்.

அடுத்த லீவில் வேறு கதை. பெரிய மாடல் என்றால் மாற்றக் கூடாதாம். சின்னக் கம்பெனிக்காரன் வருசத்துக்கு ஒரு தினுசு போடுவானாம். பெரிய கம்பெனிக்காரன் அந்த ஒரு மாடலில் மட்டும் கையை வைக்கப் பயப்படுவானாம். முள்ளை ஒரு நூல் தடிப்பாக்குவதற்குக் கூட வருசக்கணக்கில் யோசிப்பானாம். அப்பன் கட்டியதும் மகன் கட்டுவதும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்க வேண்டுமாம்.

“மாறாம இருக்கதுக்குப் பேரு பெருமையா?” என்றேன். “நானும்தான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே அடுப்படியில மாறாம நிக்கேன்.”

“நீயும் ஒரு நல்ல மாடல்தான்க்கா. ஒன்னப் படைச்சவன் கை வைக்கப் பயப்படுதான்.”

உன் அத்தான் சோற்றில் கை வைத்தபடி சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம், உன் பக்கம் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இன்னொரு தடவை சொன்னாய், சில மாடல்கள் கையில் பணம் வைத்துக்கொண்டு வந்தாலும் கிடைக்காது, பெரிய பெரிய ஆட்களே பேர் கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள் என்று. அதைச் சொல்லும்போது உன் முகத்தில் என்ன வெளிச்சம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நாங்களும்தான் காத்துக் கிடந்தோம், எங்களை எவன் படம் பிடித்துப் புத்தகம் போட்டான் என்று கேட்டேன். காத்துக் கிடப்பது மட்டும் போதாது, கிடைத்த பிறகும் ஆசை தீரக் கூடாது என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய். உன் வாய்க்கு யாரால் பூட்டுப் போட முடியும்?

ஆனால் எல்லாவற்றையும் விட நீ அழுத்திச் சொன்னது ஒன்று உண்டு. அலங்காரத்துக்குச் செய்த வாட்ச் எதுவும் நிலைக்காது, ஒரு வேலைக்கென்று செய்ததுதான் நிலைக்கும் என்பாய். உன் வாட்ச்சைக் காட்டித்தான் சொல்வாய். வேலையை விட்டு வரும்போது உன் முதலாளி தன் கையால் கொடுத்தது. யாரோ ஒருவர் புதுசு வாங்கிக்கொண்டு கடையில் விட்டுப் போன பழசு. கண்ணாடியில் கீறல், பெட்டியும் இல்லை. அசல்தான் என்று நீ சொல்வாய், நானும் நம்பினேன். கடலுக்குள் முங்குகிறவனுக்காகச் செய்தது என்றாய். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், திருப்பினால் டிக் டிக்கென்று திரும்பும்.

“முங்குததுக்கு முன்ன இத திருப்பி வச்சிட்டுத்தான் முங்குவான்க்கா. எவ்வளவு நேரம் ஆச்சு, சிலிண்டர்ல மூச்சு எவ்வளவு மிச்சம்னு இதப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவான். இன்னொண்ணு பாரு, இது ஒரு பக்கம்தான் திரும்பும். தெரியாம எங்கயாச்சும் இடிச்சாலும் மூச்சக் கொறச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது.”

“அப்பம் குக்கர்ல சோறு வெந்துட்டான்னு காட்டச் சொல்லு.”

நான் கேலிக்குச் சொன்னேன். நீ உண்மையிலேயே வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாய்.

தண்ணீருக்குச் செய்ததைத் தண்ணீரில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்தாய் பார், அதுதான் என் மானத்தை வாங்கியது. குற்றாலத்துக்கு வருகிற ஆம்பிள்ளைகள் எல்லாரும் எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றி வீட்டுக்காரி கையில் கொடுப்பார்கள். மேட்டில் நிற்கிற எங்கள் கையெல்லாம் வாட்ச்சும் பர்சும் செல்லுமாகத் தொங்கும். நீ மட்டும் தலைகீழ். துபாயிலிருந்து வந்த பிறகு சேர்ந்தாயே, லாட்ஜில் சாவி கொடுக்கிற வேலை, அதற்கு வெறுங்கையோடு போவாய். பெரிய அருவிக்குக் குளிக்கப் போகும்போது பீரோவிலிருந்து வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொள்வாய். சட்டை, செருப்பு என்று மற்ற எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு, கையை மட்டும் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போவாய். ‘உங்க தம்பி வாட்ச்ச கழத்த மறந்துட்டாரு’ என்று பக்கத்தில் நிற்கிறவள் யாராவது பதறுவாள். மறக்கவில்லை, அவனுக்கு அதுதான் வியாதி என்று எத்தனை பேருக்குச் சொல்வேன்?

குளித்துவிட்டு வந்தால் நேரே வீட்டுக்கா வருவாய்? பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் வாட்ச்சைக் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அங்கே போய் நிற்பாய். உன்னுடையதைப் போலவே அச்சு அசலாக ஒன்று எப்போதும் தொங்கும்.

“அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள போகுமா?” என்று கடைக்காரரைக் கேட்பாய்.

“தண்ணிக்குள்ள போகும். திரும்பி வராது.”

இரண்டு பேரும் சிரிப்பீர்கள். போலியைப் பார்த்தால் உனக்குக் கோபம்தானே வர வேண்டும்? உனக்கோ பெருமை. “பாத்தியாக்கா, காப்பியடிக்கான்னாலே அது பெரிய மாடல்னுதான அர்த்தம். ஒன் கல்யாணச் சேலைய எவனாச்சும் காப்பியடிச்சானா?” என் கல்யாணச் சேலை உன்னை என்ன செய்தது?

இப்படியெல்லாம் பேசிப் பேசித்தான் நிச்சயதார்த்தத்தன்று அந்தக் காரியத்தைச் செய்தாய்.

போன ஆவணி. மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது நம் பக்கத்து முறைதான், மோதிரத்தோடு சேர்த்து ஒரு வாட்ச், அது பாட்டுக்கு நடந்துவிட்டுப் போகும். மாப்பிள்ளையின் அம்மா சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

“தாய்மாமன் என்ன செய்யுதாரு?”

நீ எழுந்தாய். உட்காருலே என்று நான் வேட்டியைப் பிடித்து இழுத்தது உனக்குத் தெரியும்.

“வாட்ச் நான் போடுதேன். சும்மா வாட்ச் இல்ல. ஒலகத்துல எந்த ஊர்ல போய்க் கைய நீட்டினாலும் இன்னதுன்னு தெரியும். மாப்ள மகனும் அதையே கட்டுவான். அப்படி ஒண்ணு.”

சபை அப்படியே உன்னைப் பார்த்தது. லாட்ஜில் சாவி கொடுக்கிறவன் சொல்கிற பேச்சா இது? அதோடு விட்டாயா? மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிறேன் என்று போய், அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கட்டைவிரலும் நடுவிரலுமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசடு மாதிரி நிற்கிறாய். அவன் போலீஸ்காரன், கனத்த கை, அவனே நெளிந்தான். எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

“எங்க இருந்துலே எடுக்கப் போற அப்படி ஒண்ண?”

“இருக்குக்கா. பாத்துக்கிடலாம்.”

அதுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. படப் புத்தகத்துக்கு ஊர் முழுக்க விளக்கம் சொல்கிற வாய், கேட்கிற ஒன்றுக்கு மட்டும் ‘பாத்துக்கிடலாம்’.

ஆயுத பூஜைக்கு நான் ஒரு வேலை செய்தேன். மிக்சி, கிரைண்டர், உன் அத்தானின் மண்வெட்டி, பம்பு செட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், உன் வாட்ச்சையும் எடுத்து வைத்து நன்றாகக் குழைத்த சந்தனத்தை வளையத்தில் நாலு பக்கமும் அப்பிவிட்டேன். நீதானே சொன்னாய், இது வேலைக்குச் செய்தது என்று. வேலைக்கு உள்ளதற்கெல்லாம் பூஜை உண்டு. மறுநாள் பார்த்தால் சந்தனம் வளையத்துக்கு அடியில் இறங்கிக் காய்ந்து, வளையம் அசையவில்லை. ஊக்கை வைத்துக்கொண்டு நீ குத்திக் குத்தி எடுத்ததையும், “கடலுக்குள்ள போய்ட்டு வந்த மாடல ஒரு மேலகரத்துக்காரி சந்தனத்தால நிப்பாட்டிட்டாளே” என்று புலம்பியதையும் அபி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

தென்காசியில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய் சந்தனத்தை எடுத்து வந்தாய். அதிலிருந்துதான் அந்த வாட்ச் உன் கையில் வளையல் மாதிரி கிடந்து ஆடியது. கையைத் தொங்கவிட்டால் விரலில் வந்து நிற்கும். நீ முழங்கை வரை ஏற்றி விட்டுக்கொள்வாய்.

“என்னலே, இப்படித் தொளதொளங்குது? சோறு திங்கியா இல்லையா? மெலிஞ்சிட்டியோ?”

“கெடக்கட்டும்க்கா.”

நீ மெலிந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அதற்காக இரண்டு வேளை முட்டை அவித்துப் போட்டேன், நீயும் ஒன்றும் சொல்லாமல் தின்றாய்.

கார்த்திகையில், பட்டப்பகலில், தென்காசி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன் துண்டையும் வாட்ச்சையும் பையில் போட்டு உன் அத்தான் கொண்டு வந்தார். அருவிக்குப் போகாத நாளில் அதை ஏன் கட்டியிருந்தாய் என்று கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் என் பாடு ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. போனில் சொன்னார், “மதினி, அவரே போயிட்டாரு. அந்த வாட்ச்ச நெனச்சு வெசனப்படாதீங்க. ஏதோ ஒரு சாதா வாட்ச் போட்டாப் போதும். அவரு பிரியத்துல சொன்னது, நாங்க யாரும் மனசுல வைக்கல.” ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனசில் வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வாய்ச்சவடால்காரன் ஏதோ உளறினான், விட்டுவிட்டோம் என்றுதானே. உன்னைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் செத்த பிறகு உன் சொல் வெறும் வாய்ப்பேச்சு என்று ஆகிவிடக் கூடாது. அது மட்டும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அபியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். ஏசி போட்ட கடை. அந்தப் பெண் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள், நான் ஒவ்வொன்றிலும் கம்பெனி பேரைக் கட்டைவிரலால் மறைத்து, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். பேர் போனால் எல்லாம் ஒரு அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிறது. “ஆன்ட்டி, என்ன பாக்கீங்க?” என்று கேட்டாள். “கோபுரம் தெரியுதான்னு பாக்கேன்” என்றேன். அபி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “யம்மா, மாமா ஆவி ஒம்மேல வந்துட்டு” என்று பஸ் ஏறும் வரை சிரித்தாள். பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம், உன் வாட்ச். அதைப் போட்டுவிடலாமா என்று வாயெடுத்தேன், நம் கீழத்தெரு அத்தை விளக்குமாற்றைத் தூக்காத குறை.

“ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? செத்தவன் கையில கெடந்தத கொண்டு போயி மாப்ள கையில கட்டுவியா? கல்யாண மண்டபத்துல வச்சு?”

அத்தை சொல்வதைத் தட்ட எனக்கும் தைரியம் இல்லை. என் மகள் வாழ்க்கை. நாளைக்கு அவனுக்கு ஒரு தலைவலி வந்தால் கூட இந்த வாட்ச் மேல்தான் பழி விழும். போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் உன் சொல் குப்பை. நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையும் அம்மாவும் அச்சடிக்கப் போகிற கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தார்கள். அத்தையும் இருந்தாள். பேச்சு வாட்ச்சில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும், சாதா வாட்ச் போதும் மதினி என்றார். எனக்கு என்ன வந்ததோ, உள்ளே போய் உன் துண்டோடு எடுத்துக்கொண்டு வந்து, “என் தம்பிகிட்ட இருந்தது இது ஒண்ணுதான். இத போட முடியாதுங்காங்க. பாக்கவாவது பாருங்க” என்று நடுவில் வைத்தேன்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான்.

“இந்த வாட்ச்சா அத்தை? இத நான் கட்டிருக்கேனே.”

“எப்பம்?”

“ஐப்பசியில. பெரிய அருவியில எனக்கு பந்தோபஸ்து டூட்டி. மாமா குளிக்க வந்தாரு. ‘மாப்ள, கைய நீட்டுங்க’ன்னு சொல்லி இத கழத்தி எங்கையில மாட்டிவிட்டுட்டுத் தண்ணிக்குப் போயிட்டாரு. எல்லாரும் எங்ககிட்ட குடுப்பாங்கள்லா, பாத்துக்கிடச் சொல்லி. அப்படிக் குடுக்காருன்னு நெனச்சேன். குளிச்சிட்டு வந்து என் கைய இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாரு. ‘ம்’னாரு. கழத்தி வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“வெறுங்கையோடயா அருவிக்குள்ள போனான்?”

“ஆமா அத்தை. ஏன்?”

ஏன் என்கிறான். உன்னை அறிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் ஏன் என்று. அந்த வாட்ச்சைக் கட்டிய நாளிலிருந்து அது இல்லாமல் நீ அருவியில் தலை நனைத்தது கிடையாது. “இப்பம் கட்டு” என்றேன். அத்தை, ஏட்டி ஏட்டி என்று பதறுகிறாள். அவன் கட்டினான். உன் கையில் விரல் வரை வந்து விழுந்தது, அந்தக் கனத்த மணிக்கட்டில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. தொங்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். செயினில் கொக்கிக்குப் பக்கத்தில் சில கண்ணிகள் மட்டும் பளபளவென்று கீறல் இல்லாமல் இருந்தன. உன் கை சின்னது என்று முன்னால் எடுத்து வைத்திருந்த கண்ணிகளை, சந்தனம் எடுக்கப் போன அன்று திரும்பக் கோர்த்து வாங்கி வந்திருக்கிறாய். நிச்சயதார்த்தத்தில் அவன் மணிக்கட்டை விரலால் சுற்றிப் பிடித்து நின்றது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ மெலியவில்லை. நான் முட்டை அவித்துப் போட்டதுதான் மிச்சம்.

எல்லாருக்கும் சொன்னேன். மாப்பிள்ளை கீழத்தெரு அத்தையைப் பார்த்துச் சொன்னான்.

“ஆச்சி, இது செத்தவர் வாட்ச் இல்ல. உசுரோட இருக்கும்போதே எனக்குன்னு அளவு பாத்து, எங்கையில கட்டிவிட்டுட்டாரு. எனக்குள்ளத அவரு கொஞ்ச நாள் கட்டிக்கிட்டு இருந்தாரு, அவ்வளவுதான்.”

“போலீஸ்காரன் பேச்சு. எப்படி வளைக்கான் பாரு” என்றாள் அத்தை. ஆனால் வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டாள். அத்தை வெற்றிலையை எடுத்தால் வழக்கு முடிந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் மனசு முழுதாக ஒப்பவில்லை. “கண்ணாடில கீறல் கெடக்கே மதினி. பழசான்னு யாரும் கேட்டா?”

“கேட்டா, பேர மறைச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க” என்றேன். மாப்பிள்ளை கையைப் பிடித்து, கம்பெனி பேர் மேல் என் கட்டைவிரலை வைத்தேன். “இப்பமும் தெரியுதுல்லா, இது வேற எந்த வாட்ச்சும் இல்லன்னு? சீசன் பூரா அருவியில நிக்கப் போற கை. தண்ணிக்குன்னு செஞ்சது. மாடலு மாறாது. இவர் மகனும் கட்டுவான்.”

அபி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். எனக்கே என் வாயிலிருந்து வருவது யார் பேச்சு என்று திகைப்பாக இருந்தது. இத்தனை வருசம் காதில் விழாத மாதிரி மீன் கழுவிக்கொண்டிருந்தவள், ஒரு எழுத்து விடாமல் படித்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பஸ்ஸில் எவன் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் என் கண் அவன் மணிக்கட்டுக்குத்தான் போகிறது. சோப்பு வாங்கினாலும் பேரை மறைத்துப் பார்க்கிறேன். ஐகானிக் என்ற வார்த்தைக்குத் தமிழில் என்ன என்று எனக்கும் சொல்ல வரவில்லை, ஆனால் பார்த்தால் சொல்லிவிடுவேன். இந்த வியாதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு உன்னை என்ன செய்யலாம்?

முகூர்த்தத்துக்கு வாட்ச் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நின்ற வாட்ச்சைக் கட்டக் கூடாது என்று அத்தை கடைசியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அதனால் இன்றையிலிருந்து நான் அதைக் கையில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். எனக்கும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. உன்னை மாதிரி முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு இட்லி ஊற்றுகிறேன். உன் அத்தான் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

உன் சொல் நிலைத்துவிட்டது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி. ஆனால் ஒன்று மட்டும் இடிக்கிறது, காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் தையில் வைத்திருந்தது. கண்ணியைக் கோர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? முந்தின நாள் போயிருந்தால் கூடப் போதும், கடை எங்கே ஓடிவிடப் போகிறது? நீயோ புரட்டாசியிலேயே கோர்த்து வாங்கிவிட்டாய். உன் கைக்கு ஆகாததை உன் கையிலேயே போட்டுக்கொண்டு, ஐப்பசியில் அவன் கையில் கட்டிச் சரிபார்த்துவிட்டு, அருவிக்குப் போகாத நாளிலும் கழற்றாமல் திரிந்தாய். ஒன்றையும் நேரத்தோடு செய்து அறியாதவன் நீ. கரண்டு பில்லைக் கூட ஃபியூஸ் பிடுங்க ஆள் வந்த பிறகு கட்டுகிறவன்.

முங்குகிறவன் வளையத்தை முன்னாலேயே திருப்பி வைத்துவிட்டுத்தான் முங்குவான் என்று சொன்னாயே பொடியா, உனக்கு ஏதும் தெரிந்திருந்ததா?